எங்கே உள்ளதோ அங்கே உள்ளபடியே

பேப்பர்ல வரன் விளம்பரம், டெண்டர் எல்லாம் தாண்டி உள்ள போனீங்கன்னா, ஒரு பக்கம் முழுக்க கட்டம் கட்டி, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல ஒண்ணு வரும். "அசையாச் சொத்துக்கள் விற்பனை அறிவிப்பு". நம்மள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பக்கத்துல வடை எண்ணெய் ஒத்தியிருப்போம், அவ்வளவுதான். கடந்த எட்டு மாசமா எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைக் காபி அந்தப் பக்கத்தோடதான். நானும் தங்கமணியும் ஆளுக்கொரு பென்சிலோட உக்காந்து, தாம்பரம், மேடவாக்கம், பெருங்களத்தூர்னு ஊர் பேரைத் தேடி வட்டம் போடுவோம். பாக்கறவங்க குறுக்கெழுத்துப் போட்டின்னு நினைச்சுப்பாங்க.

பேங்க் ஜப்தி பண்ணின வீட்டை ஏலத்துல வாங்கறதைப் பத்திதான் இந்தப் பதிவு. "எப்படி வாங்குவது - 10 எளிய வழிகள்" மாதிரி ஒண்ணை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். அதுக்கு யூட்யூப்ல கோட்டு போட்ட அண்ணன்கள் நிறைய பேர் இருக்காங்க.

முதல்ல அந்த அறிவிப்போட தமிழைப் பத்திச் சொல்லியே ஆகணும். இரண்டு முன்னணிப் பத்திரிகையில விளம்பரம் கொடுக்கணும், அதுல ஒண்ணு அந்த வட்டார மொழியில இருக்கணும்னு விதி. அதனால எவரோ ஒரு புண்ணியவான் ராத்திரியோட ராத்திரியா மொழிபெயர்க்கறார். "எங்கே உள்ளதோ அங்கே உள்ளபடியே, எது உள்ளதோ அது உள்ளபடியே, என்னவெல்லாம் உள்ளதோ அவையெல்லாம் உள்ளபடியே" சொத்து விற்கப்படும். முதல் தடவை படிச்சப்ப ஏதோ சித்தர் பாட்டுன்னு நினைச்சேன் :-) அப்புறம் எங்க வக்கீல்தான் விளக்கினார். வீடு எந்த நிலைமையில இருக்கோ அதே நிலைமையில உன் தலையில கட்டுவோம். சுவர் விரிசலோ, வரி பாக்கியோ, கோர்ட் கேஸோ, உள்ள ஆள் இருக்கோ, அதெல்லாம் உன் பாடு. அப்புறம் எங்ககிட்ட வந்து அழக்கூடாது. இத்தனையும் அந்த ஒரு வரிக்குள்ள இருக்கு. சித்தர் பாட்டுதான் போங்க.

எங்க கதை ரொம்பச் சாதாரணம். நான் சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டறேன், தங்கமணி ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. மேடவாக்கத்துல 18,000 ரூபா வாடகை. ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணும்போதெல்லாம் மூணாவது கேள்வி "எடம் கிடம் பாத்தியாடா?"தான். புது அபார்ட்மென்ட் விலையைக் கேட்டா தலை சுத்துது. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவன் ஒருத்தன் பேங்க் ஏலத்துல ஃபிளாட் எடுத்து, சந்தை விலைக்கு ஐந்துல ஒரு பங்கு கம்மின்னு கேண்டீன்ல சொல்லிச் சொல்லிக் காது புளிச்சுப் போச்சு. அங்க ஆரம்பிச்சது.

சட்டம் எப்படின்னா, 2002-க்கு முன்னாடி வரைக்கும் கடன் கட்டாதவங்க சொத்தை விக்கறதுக்கு பேங்க் கோர்ட்டுக்கோ கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோ போய் வருஷக்கணக்கா நிக்கணும். அந்த வருஷம் சர்ஃபாசி சட்டம் வந்துச்சு. இப்ப கோர்ட் படி ஏறாமலே பேங்க் சொத்தை எடுத்து விக்கலாம். தவணை 90 நாளைக்கு மேல பாக்கி நின்னா கணக்கு வாராக்கடன். உடனே 13(2) நோட்டீஸ், 60 நாள் அவகாசம். அதுக்குள்ளயும் கட்டலைன்னா 13(4), சொத்தை சுவாதீனம் எடுத்துட்டோம்னு கதவுல ஒட்டி, பேப்பர்லயும் போட்டுடுவாங்க. கடன்காரர் இதை எதிர்த்து 45 நாளுக்குள்ள தீர்ப்பாயம் போகலாம். போகலைன்னா, போயும் தடை வாங்கலைன்னா, ஏலம். முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ். யாரும் கேக்கலைன்னா அடுத்த ஏலத்துக்கு 15 நாள் போதும். விவசாய நிலத்துக்கும், ஒரு லட்சத்துக்குள்ள இருக்கற கடனுக்கும் இந்தச் சட்டம் கிடையாது. மொத்தக் கடன்ல 20 சதவீதத்துக்கும் கீழதான் பாக்கின்னாலும் இதை வச்சு எடுக்க முடியாது. நம்மள்ல ஹோம் லோன் வச்சிருக்கற மக்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. நான் தெரிஞ்சுக்கிட்டது எதிர்ப்பக்கத்துல இருந்து.

இதுல "சுவாதீனம்"னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதுலதான் மொத்த சூட்சுமமும். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நிஜமாவே வீட்டைப் பூட்டிச் சாவியை பேங்க் எடுத்துக்கறது, ஃபிசிக்கல். இன்னொண்ணு சிம்பாலிக். அதாவது கதவுல காகிதம் ஒட்டியாச்சு, பேப்பர்ல போட்டாச்சு, காகிதத்துல வீடு பேங்க்கோடது. ஆனா உள்ள குக்கர் விசில் அடிச்சுக்கிட்டு இருக்கும். ஆளை வெளியேத்தணும்னா சென்னைக்குள்ள தலைமைப் பெருநகர நடுவர், வெளியில மாவட்ட ஆட்சியர்கிட்ட 14-ஆவது பிரிவுல மனு போட்டு உத்தரவு வாங்கணும். 30 நாள்ல உத்தரவு, காரணம் சொன்னா 60 நாள் வரைக்கும்னு சட்டத்துல இருக்கு. சட்டத்துல!

இப்ப பணக் கணக்கு. ஏலத்துல உக்காரவே குறைந்தபட்ச விலையில பத்து சதவீதம் முன்கூட்டியே கட்டணும்னு பெரும்பாலான அறிவிப்புல போடறாங்க. ஜெயிச்சா, அந்தப் பத்தையும் சேர்த்து 25 சதவீதம் அன்னிக்கே, இல்லைன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள. மிச்சம் 75, விற்பனை உறுதியான 15 நாளுக்குள்ள. பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா அதிகபட்சம் மூணு மாசம் வரைக்கும் தள்ளலாம். கட்ட முடியலைன்னா கட்டின கால் பங்கும் கோவிந்தா. சும்மா பயமுறுத்தலைங்க. நம்ம ஊர்ப் பக்கத்து வழக்கு ஒண்ணு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2024 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு. ஏலம் எடுத்தவர் 3 கோடிக்கு மேல முன்பணம் கட்டிட்டு மிச்சத்தைப் புரட்ட முடியாம நின்னார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்துச்சு. உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் பேங்க் வச்சுக்கலாம்னுடுச்சு. தங்கமணி இந்தத் தீர்ப்பை பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க. கோலம் போட்ட காந்தத்துக்குக் கீழ.

அறிவிப்புலயே இன்னொண்ணு கவனிச்சிருப்பீங்க. கடன்காரர் பேர், அவங்க அப்பா பேர், கதவு எண், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி வரைக்கும் வட்டி, எல்லாம் அச்சுல இருக்கும். ஊருக்கே தெரியும்.

மாடம்பாக்கத்துல ஒரு ஃபிளாட்டுக்கு நாங்க வட்டம் போட்டோம். இரண்டு பெட்ரூம், 870 சதுர அடி, முதல் மாடி. அந்த ஏரியா விலைக்கு 48 லட்சம் போகும். முதல் ஏலத்துல 42 லட்சம்னு வச்சு யாரும் வரலை. இரண்டாவதுக்கு 38. பாக்கித் தொகை 44 லட்சம்னு போட்டிருந்துச்சு. கீழ பொடி எழுத்துல "சிம்பாலிக்".

வீட்டைப் பாக்க அறிவிப்புலயே ஒரு நாள் குறிச்சிருப்பாங்க. போனேன். பேங்க் சார்புல வந்த ஆள் ஒருத்தர், ஹெல்மெட்டைக் கழட்டாம கேட்டுக்கு வெளிய இருந்தே கை காட்டினார். "அதோ அந்த பால்கனி சார். உள்ள எல்லாம் போக முடியாது. ஆள் இருக்காங்க. வெளிய இருந்து பாத்துக்கோங்க." சொல்லிட்டு போன் வந்துச்சுன்னு போயிட்டார். 38 லட்ச ரூபா சாமானை வெளிய இருந்து பாத்துக்கணுமாம். நாம சந்தையில முருங்கைக்காயையே முறுக்கிப் பாத்து வாங்கற ஜாதி.

மேல போனேன். கதவுல நோட்டீஸ் ஒட்டின பசைத் தடம் மட்டும் இருந்துச்சு. பெல் அடிக்கறதா வேணாமான்னு நிக்கறப்பவே கதவு திறந்துடுச்சு. ஒரு அம்மா, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், குப்பைப் பையோட. என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "ஏலத்துக்கா தம்பி?" அப்படின்னாங்க.

ஆமாம்னு தலையாட்டினேன். திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். பையை ஓரமா வச்சுட்டு, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னாங்க.

உள்ள ஒரு ரூம்ல டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் நுழைஞ்சதும் சத்தம் குறைஞ்சது. அவங்க வீட்டுக்காரர் அந்த ரூம்ல இருந்து கடைசி வரைக்கும் வெளிய வரலை. ஹால்ல ஒரு பையன் தரையில புத்தகத்தைப் பரப்பிக்கிட்டு, காதுல எதையோ மாட்டிக்கிட்டு, என்னை நிமிர்ந்தும் பாக்கலை. இந்த மாதிரி எத்தனை பேர் வந்து போயிருப்பாங்களோ.

அந்தம்மா வீட்டைச் சுத்திக் காட்டினாங்க. நிஜமாத்தான் சொல்றேன். கிச்சன் சிங்குக்குக் கீழ ஒழுகுது, போர் தண்ணி உப்பு, குடிக்க கேன்தான், மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து ஈரம் இறங்கி இந்த மூலை பூத்துப் போச்சு, அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கு, ஆனா லிஃப்ட் காசு மட்டும் கட்டிட்டோம். எந்த புரோக்கரும் இவ்வளவு நேர்மையா ஒரு வீட்டைக் காட்டி நான் பாத்ததில்லை. எப்படி ஆச்சுன்னு நான் கேக்கலை. அவங்களாவே ரெண்டு வரி சொன்னாங்க. சொந்தமா வச்சிருந்த லேத் பட்டறை. கொடுத்த பில்லுக்குப் பணம் வராம முடங்கினது. ஆறு வருஷம் ஒரு தவணை தவறினதில்லை. "பேப்பர்ல பேர் வந்ததுல இருந்து பால்காரர் முன்பணம் கேக்கறார் தம்பி." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறுச்சு.

கிளம்பறப்ப நேரா கேட்டாங்க. "எவ்வளவுக்குக் கேக்கப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலைக்கா."

"எடுத்தா நீங்களே எடுங்க. பையனுக்கு மார்ச்ல ப்ளஸ் டூ பரீட்சை. அது முடியற வரைக்கும் இருந்துக்கறோம். அதுக்கப்புறம் நாங்களே சாவியைக் கொடுத்துடறோம். போலீஸ் கீலீஸெல்லாம் வேணாம்."

நான் என்ன சொல்றது? ஏலம் எடுக்கறது நானா இல்லையான்னே தெரியாது. எடுத்தாலும் காலி பண்ண வைக்கறது பேங்க். வித்ததுக்கு அப்புறமும் பேங்கே 14-ஆவது பிரிவுல மனு போட்டு ஆளை வெளியேத்திச் சாவி தரலாம்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா "உள்ளது உள்ளபடியே"ன்னு கையெழுத்துப் போட்டு வாங்கினவன் எத்தனை பேர் பேங்க் வாசல்ல தேய்ஞ்சிருக்கான்னு வக்கீல் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். சரிக்கான்னும் சொல்லாம, முடியாதுன்னும் சொல்லாம வந்தேன்.

இரண்டாவது ஏலத்துல நாங்க உக்காரலை. ஆள் இருக்கற வீடு வேணாம்னு வக்கீல் சொல்லிட்டார். வேற யாரும் கேக்கவும் இல்லை. உடனே புரோக்கர் போன் பண்ணினார், குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். "சார், கவலையே படாதீங்க. மூணாவதுல 34, 34 அரைக்கு வரும். பொறுத்தா இன்னும் கீழ கூட வரும். இந்த ஃபீல்டுல பொறுமைதான் சார் மூலதனம்."

நியாயமா எனக்கும் சந்தோஷம்தான் வந்திருக்கணும். 48 லட்ச வீடு 34 அரைக்கு. ஆனா அந்த நாலு லட்சம், ஏழரை லட்சம்னு குறையுதே, அது யார் பாக்கெட்டுல இருந்து குறையுதுன்னு ஒரு கேள்வி. அதுவரைக்கும் நான் மனசுக்குள்ள, பேங்க் நஷ்டத்துல விக்குது, நமக்கு லாபம், பேங்குக்கு என்ன, ஆயிரம் கோடி பாத்தவனுங்கன்னுதான் கணக்கு வச்சிருந்தேன். நிறைய பேர் அப்படித்தான் வச்சிருக்கோம். சட்டம் அப்படி இல்லைங்க. ஏலத்துல பாக்கியை விட அதிகமா வந்தா, செலவு போக மிச்சம் கடன்காரருக்குத் திருப்பிக் கொடுக்கணும். பாக்கியை விடக் கம்மியா வந்தா, பள்ளம் விழுந்த தொகைக்கு பேங்க் அவரை மறுபடியும் தீர்ப்பாயத்துல துரத்தலாம். வீடு போனதோட கணக்கு தீராது. அந்த வீடு 42-க்குப் போயிருந்தா அவங்களுக்கு 2 லட்சம் கடன். 34 அரைக்குப் போனா வீடும் இல்லாம 9 அரை லட்சம் கடன், வட்டியோட. நான் மிச்சம் பிடிக்கற ஒவ்வொரு லட்சமும் அந்த அம்மா கணக்குல பற்று எழுதப்படுது.

கலிஃபோர்னியாவுல இருக்கற ஒரு சீனியர்கிட்ட இதைச் சொன்னப்ப அவருக்கு ஆச்சரியம். 2008-க்கு அப்புறம் அங்க வீடு விலை சரிஞ்சப்ப, அவர் தெருவுலயே சாவியைக் கவர்ல போட்டு பேங்குக்கு அனுப்பிட்டுப் போனவங்க உண்டாம். குடியிருக்க வாங்கின வீட்டோட முதல் கடன்னா, அந்த மாநிலத்துல வீட்டை எடுத்துக்கிட்டதோட சரி, குறைஞ்ச பணத்துக்கு ஆளைத் துரத்த முடியாது. எல்லா மாநிலத்துலயும் அப்படி இல்லைன்னும் சொன்னார். நம்ம ஊர்ல சாவியும் போகும், கடனும் பின்னாடியே வரும்.

சரி, இந்தப் பாவமே வேணாம், வேற வீடு பாப்போம்னு ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா விருத்தாசலம் பக்கத்துல கூட்டுறவு சொசைட்டியில முப்பது வருஷம் கிளார்க்கா இருந்தவர். அந்தக் காலத்துல கடன் வசூலுக்குப் போறப்ப கூடப் போய் கணக்கெழுதற வேலை அவருக்கு. ஏல நகையை வீட்டுக்குள்ளயே விடமாட்டார், அடுத்தவங்க வயித்தெரிச்சல்னு. அதனால "நல்ல வேளை விட்டடா"ன்னு சொல்லுவார்னு நினைச்சேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஒரு ஜப்தி கதை சொன்னார். ஒரு வீட்டுல கதவு, அண்டா, ஒரு ஜோடி மாடு எடுத்துட்டு வந்து ஏலம் விட்டாங்களாம். மாடு நல்ல மாடு. ஊர்க்காரங்க அத்தனை பேரும் சுத்தி நின்னாங்க, ஒருத்தர் வாய் திறக்கலை. நம்ம ஊர்க்காரன் மாட்டை நாம கேக்கறதான்னு. கடைசியில வெளியூர் தரகன் ஒருத்தன் வந்து பாதி விலைக்குக் கேட்டான், அவனுக்கே விட்டாச்சு. "ஊர்ல எல்லாரும் நல்லவனா இருந்தானுங்க. மாடும் போச்சு, பாக்கிக்கு மறு வருஷம் நாங்க திரும்பவும் போனோம்." இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் வழக்கம் போல "மழை உண்டா அங்க?"

அன்னிக்கு ராத்திரி தங்கமணி ஒரு பேப்பரும் பேனாவுமா உக்காந்தாங்க. முன்னாடியே சொல்லிடறேன், நாங்க தர்மப் பிரபு குடும்பம் கிடையாது. எங்க சம்பளத்துக்குத் தர்மம் எல்லாம் கட்டுப்படியாகாது. இது கணக்கு.

மூணாவது ஏலத்துல 34 அரைக்கு எடுக்கறோம்னு வைங்க. உள்ள ஆள் இருக்காங்க. வெளியேத்த ஒரு வருஷமும் ஆகலாம், மூணும் ஆகலாம்ங்கறார் வக்கீல். ரெண்டுன்னு வச்சுப்போம். அந்த ரெண்டு வருஷம் நாங்க மேடவாக்கத்துல கட்டற வாடகை 4 லட்சத்து 32 ஆயிரம். வக்கீல் செலவு ஒரு லட்சத்துல நிக்காது, நிக்குதுன்னே வைங்க. மெயின்டனன்ஸ் பாக்கி, வரி பாக்கி நம்ம தலையில. மின்கட்டண பாக்கியும் அப்படித்தான். மின் வாரிய விதிகள்ல இடம் இருந்தா பழைய பாக்கியைப் புது ஓனர்கிட்ட கேக்கலாம்னு 2023-ல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லியிருக்கு. ஆக, 34 அரைங்கறது 40-க்குப் பக்கத்துல வந்து நிக்குது. இதுல ஒரு பையனோட புத்தகப் பையை போலீஸ் தெருவுல வைக்கறதைப் பாக்கற செலவை அவங்க எழுதலை. அதுக்கு எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலைன்னாங்க.

"அப்ப அந்த 40-ஐ முன்னாடியே கொடுத்தா என்ன? வக்கீலுக்கும் ஹவுஸ் ஓனருக்கும் போறது அவங்க கடனுக்குப் போகட்டும். அவங்களே சாவி கொடுக்கறேன்னுதானே சொல்றாங்க?"

இப்படி ஒண்ணு நடக்குமான்னு வக்கீலைக் கேட்டோம். மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே, நடக்கும்ப்பா, யாரும் கேக்கறதில்லைன்னார். விதிகள்லயே ஏலம் இல்லாம, வாங்கறவரோட நேரா பேசி, எழுத்துல நிபந்தனை போட்டு விக்கறதுக்கு பேங்குக்கு வழி இருக்காம். பிரைவேட் ட்ரீட்டின்னு பேரு. ஏலம் ரெண்டு தடவை தோத்த சொத்துக்கு பேங்கும் கொஞ்சம் காது கொடுக்கும். கடன்காரரும் சம்மதக் கடிதம் கொடுத்தா நாளைக்குத் தீர்ப்பாயம், கேஸுன்னு இழுக்காது. கடன்காரர் தன் உரிமையில வீட்டை மீட்கறதுக்கு இப்ப வழி ரொம்பக் குறுகல். 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஏல அறிவிப்பு பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி மொத்தப் பாக்கியும் கட்டியாகணும், அதுக்கப்புறம் உரிமையா எதையும் கேக்க முடியாது. 2023-ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. பேங்க் மனசு வச்சாத்தான் உண்டு.

நான் மறுபடியும் மாடம்பாக்கம் போனேன், இந்த தடவை தங்கமணியோட. அவங்க வீட்டுக்காரர் இந்த தடவை வெளிய வந்தார். நாலு பேரும் டைனிங் டேபிள்ல உக்காந்தோம். விலையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பாத்தார். "48 போகும் தம்பி இது" அப்படின்னார், சண்டை போடற மாதிரி இல்லை, சும்மா சொல்லி வைக்கற மாதிரி. போகும் சார்ன்னேன். அவர் பாத்துப் பாத்துப் போட்ட டைல்ஸ், அவர் சொல்லாம வேற யார் சொல்லுவா. 44-ல 40 போக மிச்சம் 4 லட்சம், அதுல அபராத வட்டியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்கறதுன்னு முடிவாச்சு. மெயின்டனன்ஸ், கரண்ட் பாக்கியை அவங்க கட்டிடறாங்க. மே 15-க்குள்ள சாவி. அந்தம்மா இதையெல்லாம் பையனோட ரஃப் நோட்டுல இருந்து ஒரு தாள் கிழிச்சு எழுதிக்கிட்டாங்க.

கடிதம் பேங்குக்குப் போய் இன்னியோட முப்பத்திரண்டு நாள். கிளையில இருந்து வட்டார அலுவலகம் போயிடுச்சாம். போன் பண்ணினா "மேல இருக்கு சார்"ங்கறாங்க. எவ்வளவு மேலன்னு தெரியலை. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, ஏலத்துல 34-க்குப் போனா அவரை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, நேரா பேசி 40-க்குக் கொடுத்தா ஆயிரம் கேள்வி வரும்னு அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னார். போன ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல அந்த ஃபிளாட் மறுபடியும் வந்திருக்கு. 34 லட்சத்து 20 ஆயிரம். ஏலம் அடுத்த மாசம் ரெண்டாவது வாரம், பையனுக்கு வேதியியல் பரீட்சை எழுதற வாரம். புரோக்கர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார், நான் எடுக்கலை. அந்தம்மா ஒரு தடவை பண்ணினாங்க, எடுத்தேன். "பாத்தீங்களா?"ன்னாங்க. பாத்தேங்க்கான்னேன். "அப்ப நம்ம லெட்டர்?" வரும்க்கான்னேன்.

பத்து சதவீதம் முன்பணம் கட்ட கடைசி நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. பதில் வராட்டி அந்த ஏலத்துல உக்காந்து நாங்களே 40 வரைக்கும் கேக்கலாமாங்கறது தங்கமணி கட்சி. ஏலத்துல வேற யாரும் கேக்காதப்ப 34 லட்சத்து 20 ஆயிரத்து சொச்சத்துக்கு மேல நாமளே ஏத்திக் கேட்டா, உனக்குப் பைத்தியமான்னு கம்ப்யூட்டரே கேக்கும்ங்கறது என் கட்சி. வக்கீல் ரெண்டு கட்சியிலயும் இல்லை, ஃபீஸ் மட்டும் வாங்கிக்கறார்.

மக்கள்ல யாராச்சும் பேங்க்ல வசூல் பிரிவுல ஆணி புடுங்கறவங்களா இருந்தா, இந்த வட்டார அலுவலகத்துல ஃபைல் எந்த டேபிள்ல தூங்கும், யாரைத் தட்டி எழுப்பணும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போட விருப்பமில்லைன்னா அனானியாவே வாங்க. பதில் வந்ததும் என்ன ஆச்சுன்னு எழுதறேன்.